பை வைக்கக் கூடாத கல்

1

நான் இப்போது ‘எங்கள் ஊர்’ என்று சொல்வது ஜெர்மனியின் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறு நகரத்தை. தறி இயந்திரங்கள் செய்கிற ஊர். அருப்புக்கோட்டையில் விசைத்தறிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த என்னை அந்தத் தொழில்தான் இங்கே கொண்டுவந்து தள்ளியது. வந்தபோது மீசை கறுப்பு. இப்போது மீசையே இல்லை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்சகாலம் இருக்கிறது. முழங்கால்கள் மட்டும் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டன.

போன வசந்தத்தில் இந்த ஊர் நகராட்சி ஆற்றோரம் ஒரு சிற்பம் வைத்தது. சிற்பம் என்றதும் குதிரைமேல் வாளோடு இருக்கும் ராஜாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். நட்டுவைத்த இரண்டு கருங்கல் தூண்கள், அவற்றின்மேல் என் நெஞ்சு உயரத்துக்குக் குறுக்கே ஒரு பலகைக்கல், கீழே, சற்று முன்தள்ளி, முழங்கால் உயரத்தில் உட்கார இன்னொரு கல். அவ்வளவுதான். பக்கத்திலேயே ஒரு போர்டு. ‘வழியில் போகிறவரே, சற்று உட்காருங்கள், ஆற்றைப் பாருங்கள், யோசியுங்கள்’ என்று எழுதியிருந்தது.

“யோசிக்கச் சொல்லி போர்டு வேற வைக்கணுமா இவுகளுக்கு?” என்றாள் என் மனைவி செல்வி. அவளும் அருப்புக்கோட்டைக்காரிதான்.

நான் அன்று போர்டைப் படித்ததே பிறகுதான். சந்தையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வாங்கி இரண்டு கையிலும் பை. ஆற்றோரம் ஏறி வந்ததும் எதிரே அந்தக் கல் நின்றது. யோசிக்கவே இல்லை. பைகளைத் தூக்கி மேல்கல்லில் வைத்துவிட்டு ‘உஸ்ஸ்’ என்று மூச்சு விட்டேன். எத்தனையோ வருஷமாக இந்த ஊரில் நடக்கிறேன், பையை இறக்கிவைக்க ஒரு தோதான இடம் அமைந்தது அதுதான் முதல்தடவை.

நாயோடு வந்த ஒரு அம்மாள் நின்று, மரியாதையாகத்தான் சொன்னார். இது கலைப்படைப்பு, மேலே பொருள் வைக்கக் கூடாது, வேண்டுமானால் உட்காருங்கள், அதற்காகத்தான் இது. எனக்கு இப்போது வலிப்பது காலில்லை, கைதான் என்று சொல்லப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி போல்ட்டு, நட்டு, உதிரிப்பாகம் வரைக்கும் ஓடும்; கைவலிக்கு வருவதற்குள் நின்றுவிடும். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து இன்னொரு போர்டு முளைத்தது. உட்காரலாம். படிக்கலாம். அமைதி விரும்பப்படுகிறது. மேல்கல்லில் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. இங்கே ஒரு மனுசன் தப்புச் செய்தால் அடுத்த மாதமே அதற்கு ஒரு விதி வந்துவிடும். செல்வி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஒங்களுக்குன்னே எழுதிப்போட்டுருக்காக” என்று சிரித்தாள்.

2

கரிசல் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னமோ. அப்படி நட்டுவைத்த கல்லுக்கு எங்கள் பக்கம் சுமைதாங்கி என்று பெயர். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்களுக்கு அடுத்த ஆள் உதவி இல்லாமல் சுமையை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. அதனால்தான் அந்த உயரத்தில் கல்லை வைத்தார்கள். கொஞ்சம் குனிந்து தலையிலிருந்து கல்லுக்குத் தள்ளிவிட்டால் போதும்.

அதை யாரும் சும்மா வைப்பதில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் வைப்பார்கள். இறக்காத சுமையோடு போனவள் அல்லவா. வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கி வைக்க வைக்க, அவளுடைய பாரமும் குறையும் என்று நம்பிக்கை.

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து விலக்கில், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்தில், அப்படி ஒரு கல் நிற்கிறது. என் அக்கா பேச்சிக்காக எங்கள் அப்பா வைத்தது.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். காலெல்லாம் வீங்கியிருந்தது. ஒருநாள் காலையில் தலைவலி, கண் மங்குகிறது என்றாள். அம்மா அவளை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக விலக்குக்கு நடத்திக் கூட்டிவந்திருக்கிறாள். அன்றைக்கென்று பஸ் வரவில்லை. அங்கே நிழலும் கிடையாது, உட்கார ஒரு திண்டும் கிடையாது. முடிந்தமட்டும் நின்றுவிட்டு, அக்கா அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். பஸ் வந்து, தூக்கி ஏற்றி, பந்தல்குடி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது படிப்புக்காக விருதுநகரில் தங்கியிருந்தேன். ஆள் வந்து சொல்லி, நான் வீடு வந்து சேர்ந்தபோது வாசல் நிறையத் துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகள்தான் கிடந்தன.

கருமாதி முடிந்த கையோடு அப்பா கல்லுக்குச் சொன்னார். அந்தக் கல்லில் மல்லி மூடை, வத்தல் மூடை, விறகுக்கட்டு, கரிமூட்டம் போட்ட கரிச்சாக்கு எல்லாம் இறங்கி ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். இறக்கி வைக்கிற பெண்கள், “ஏ பேச்சி, கொஞ்சம் பிடிச்சுக்க” என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். அக்காவுக்கு இத்தனை பேரோடு பழக்கம் உயிரோடு இருந்தபோதுகூட இல்லை.

அம்மா மட்டும் அந்தக் கல்லைக் கண்டு நடுங்கினாள். மாசமாக இருக்கிற பெண்கள் அதன் பக்கம் போகவே கூடாது. ரோட்டின் அந்தப் புறமாகத்தான் நடக்க வேண்டும், அதன் நிழல்கூட மேலே படக் கூடாது. செல்வி எங்கள் மகள் கயலைச் சுமந்திருந்தபோது அவளை அந்த விலக்கு வழியாக விடவே இல்லை. திருச்சுழியைச் சுற்றி அருப்புக்கோட்டைக்கு அனுப்பினாள். செல்வி முணுமுணுத்துக்கொண்டேதான் போனாள், ஆனால் போனாள்.

கயல் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் இங்கே வந்துவிட்டோம். பிறகு ஊருக்குப் போனதெல்லாம் விருந்தாளிகள் போலத்தான். மதுரையில் இறங்கி, காரில் ஊருக்குப் போய், கல்யாணமோ காரியமோ முடித்துக்கொண்டு திரும்புவோம். கார் விலக்கில் திரும்பும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். பழக்கமாகிவிட்டது.

3

கயலைப் பற்றி என்ன சொல்ல. நல்ல பிள்ளை. ரயிலில் நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஜெர்மன்காரர், மாத்தியாஸ். அவர்களுக்குள் பேச்செல்லாம் ஜெர்மனில். தமிழ் எங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறாள். சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் அது போதுமானதாக இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் அவள் எங்களைக் கூப்பிடுவது குறைந்து வந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் எங்கள் அப்பன் ஆத்தாளை எத்தனை தடவை கூப்பிட்டோம் என்று யோசித்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றும்.

ஒருமுறை கரு தங்காமல் கலைந்து, அழுது, தேறி, இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஏழாம் மாதம் எங்களைப் பார்க்க வந்தார்கள். செல்வி புளியோதரை, தயிர்ச்சாதம் என்று கட்டு சாதம் ஏழு வகை செய்து, கண்ணாடி வளையலை மகள் கையில் போட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். சாயங்காலம் ஆற்றோரம் நடக்கப் போனோம்.

நானும் மாப்பிள்ளையும் பின்னால். வழக்கம்போல எங்களுக்குள் பேச்சு வானிலையைத் தாண்டவில்லை. முன்னால் போன கயல் சிற்பத்தைக் கண்டதும், “அழகா இருக்குல்ல” என்றபடி கீழ்க்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, தலைக்குப் பின்னால் அந்தப் பலகைக்கல் இருக்க, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பா, ஒரு போட்டோ எடுங்க.”

அந்தக் கல்லின் நிழல் அவள் வயிற்றுக்குக் குறுக்கே விழுந்திருந்தது.

“எந்திரி” என்றேன். “எந்திரிங்கிறேன்ல.”

“ஏன்ப்பா?”

“அங்க உக்காரக் கூடாது. எந்திரி மொதல்ல.”

சொன்னதோடு விடவில்லை. போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வளையல் ஒன்று உடைந்தது. கயல் எழுந்து நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்ன வயதில் அவளை நான் அடித்ததே கிடையாது, அடித்திருந்தாலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

மாத்தியாஸ் பதறி என்னிடம் என்ன ஆச்சு என்று கேட்டார். சுமைதாங்கிக்கு ஜெர்மனில் வார்த்தை ஏது? நானும் தேடினேன். செத்த பெண்ணுக்கு வைக்கிற கல் என்று சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். கல்லறைக்கல் என்று சொன்னேன். அது போதாதென்று, மாசமாக இருந்து செத்தவளுக்கு வைப்பது என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த மனுசன் முகம் வெளுத்துப்போனது. ஒரு கரு கலைந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவர்கள் இரண்டு பேரும் எதைப் பயந்து பயந்து நாளைக் கடத்துகிறார்களோ அதை நான் நடு ஆற்றங்கரையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கயல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எம்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகும்னு சொல்றீங்களாப்பா?”

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “நல்லதில்லம்மா” என்றேன். இரண்டு நாள் இருப்பதாக வந்தவர்கள் அன்றைக்கே ரயிலேறிவிட்டார்கள். செல்வி கட்டித் தந்த புளியோதரை டப்பா மேஜையிலேயே இருந்தது.

4

அதற்குப் பிறகு கயல் என் போனை எடுக்கவில்லை. அம்மாவிடம் பேசுவாள், நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் “அப்புறம் கூப்பிடுறேன்” என்று வைத்துவிடுவாள். பிரசவத்துக்கு நீங்கள் யாரும் வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

செல்வி அன்று என்னிடம் சத்தம் போடவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“தலப்பிரசவத்துக்கு மகளப் பாக்க முடியாதவளா என்னைய ஆக்கிட்டீகளே” என்றாள்.

வேலைக்குப் போனேன், வந்தேன். ஆற்றோரமாகப் போகாமல் கடைத்தெருவைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். மனுசனுக்கு வயதாக ஆக எல்லாவற்றையும் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. எனக்குக் களைப்பாக இருந்தது. தூங்கி எழுந்தால் போகிற களைப்பில்லை அது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து தம்பி முத்து கூப்பிட்டான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பவன்.

“அண்ணே, ரோட்ட அகலப்படுத்துறாக. விலக்குல இருக்க அக்கா கல்ல எடுக்கணும்ங்கிறாக.”

“எடுத்துட்டுப் போகட்டும்” என்றேன். “இப்ப யாரு தலச்சுமையா வாரா? எல்லாந்தான் குட்டியானையில ஏறிப் போகுதே.” குட்டியானை என்பது ஊரில் சின்னச் சரக்கு வண்டிக்குப் பெயர்.

“என்னண்ணே இப்பிடிச் சொல்றீக? பஸ்ஸுக்கு வர்ற பிள்ளைக அதுலதான பையி வைக்குதுக. நூறுநாள் வேலைக்குப் போறவுக தூக்குவாளிய வைக்கிறாக. நான் கேக்குறது வேற. நம்ம புஞ்ச ஓரமா ரெண்டு எட்டு தள்ளி நட்டுக்கங்க, ஜேசிபி நாங்க தாரோம்ங்கிறாக. மேக்கல்லு பழசு, தாங்குமான்னு தெரியல. ரெண்டையும் சேத்து நடவா, இல்ல கீழ்க்கல்ல மட்டும் வைக்கவா?”

“எந்தக் கீழ்க்கல்லு?”



“நீங்க பாத்ததே இல்லையா? ஆத்தா போட்டதுண்ணே.”

அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் போய்ச் சில வருஷம் ஆகிறது. அந்தக் கல்லின் நிழலைக்கூட மிதிக்க விடாதவள் அதில் என்னத்தைப் போட்டாள் என்று எனக்குப் புரியவில்லை.

முத்து சொன்னான். “எம்மருமக மாசமா இருந்தப்ப செக்கப்புக்கு மாசாமாசம் டவுனுக்குப் போகும். ஒருநா ஆத்தாவும் கூடப் போச்சு. பஸ்ஸு வரல. அந்தப் பிள்ள ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில்ல நின்னு நின்னு கால் வீங்கி, முடியாம தரையில குத்தவச்சிருச்சு. ஆத்தா அதப் பாத்துருச்சுண்ணே. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு திங்கல. மறுநாளு கொத்தனாரக் கூட்டியாரச் சொல்லி, அக்கா கல்லுக்குக் கீழ உக்காருற ஒயரத்துக்கு ஒரு கல்லப் போடுன்னுச்சு.”

“ஊர்ல ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம இருப்பாகளா? மாசமா இருக்கவ அங்கன போயி உக்காரலாமான்னாக. ‘எம்மக உக்கார ஒரு கல்லில்லாமத்தான் மண்ணுல சாஞ்சா. இனி வாரவளாச்சும் உக்காரட்டும். எம்மக ஒருத்திக்கும் கெடுதல் நெனைக்க மாட்டா’ன்னுச்சு. சொல்லிட்டு எம்மருமகளக் கையப் பிடிச்சுக் கூட்டிப்போயி, மொத ஆளா அதுலதான் உக்கார வச்சுச்சு. இப்ப நம்ம பக்கத்து வயித்துப்பிள்ளக்காரிக பூராம் பஸ்ஸுக்கு அங்கனதாண்ணே உக்காந்துருக்காக.”

நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். இங்கே வந்த நாங்களெல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயைத் தேதி முடிந்த பிறகும் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருப்போம். அம்மாவின் பழைய சொல்லை நான் அப்படித்தான் வைத்திருந்திருக்கிறேன். அவள் அதை எப்போதோ மாற்றிவிட்டாள். பரளச்சிப் பக்கம் யாருமே இப்போது பயப்படாத ஒன்றுக்காக, நான் ஜெர்மனியில் என் மகள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். காரில் போகும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

“அண்ணே, லைன்ல இருக்கீகளா? எதத்தான் நடச் சொல்றீக?”

“கீழ்க்கல்ல மொதல்ல நடு” என்றேன். “அப்புறம் மத்தது.”

5

கயலைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினேன். அழகாகப் பேச நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பந்தல்குடி, பஸ், புழுதி என்று உளறினேன். நடுவில் செல்வி “கால் வீக்கத்தச் சொல்லலையே” என்று திருத்தினாள். அதுவும் பதிவாகிவிட்டது. முத்து போட்டோ அனுப்பியிருந்தான்: புஞ்சை ஓரத்தில் புதுக்குழி, பக்கத்தில் படுக்கவைத்த கல், அதில் மண் ஒட்டிய ‘பேச்சி’ என்ற எழுத்து. அதையும் அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். நான் எடுத்ததும் வைத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

“எனக்கு ஒரு அத்தை இருந்தாங்கன்னு யாருமே சொல்லலையே” என்றாள்.

“சொல்ல வரலம்மா.”

“பேச்சியா அவங்க பேரு? போட்டோவுல பாத்தேன்.”

“ஆமா. பேச்சி.”

அவள் அந்தப் பெயரை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சாதாரணமாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. பிறகு அவள், “அன்னிக்கு நான் ரொம்ப பயந்துட்டேன்ப்பா” என்றாள். “அப்புறம் ராத்திரியெல்லாம் பிள்ளை அசையுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“எனக்கும் பயந்தாம்மா வந்துச்சு” என்றேன். “தப்புத்தான்.”

அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். ரயில் தாமதம், பாதி வழியில் வேறு ரயில் மாறவேண்டியிருந்தது, கயலுக்கு முகமெல்லாம் வாடியிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றால் கேட்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராக ஆற்றோரம்தான் நடந்தாள். எட்டாம் மாத வயிறு. மாத்தியாஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். தோளில் தொங்கிய கனமான பையை மட்டும் யாரிடமும் தராமல் அவளே சுமந்துவந்தாள். என்னிடமும் தரவில்லை.

கல்லருகே வந்ததும் நின்று என்னைப் பார்த்தாள். உள்ளுக்குள் எனக்கு இன்னமும் நடுக்கம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அறிவுக்குப் புரிந்தது உடம்புக்குப் புரிய நாளாகும் போலிருக்கிறது. ஆனால் நான் குனிந்து, கீழ்க்கல்லில் கிடந்த சருகைக் கையால் தட்டிவிட்டேன். கல் ஜில்லென்று இருந்தது. என் கோட்டைக் கழற்றி மடித்துப் போட்டேன்.

“உக்காரும்மா” என்றேன்.

கயல் ஒரு கையை என் தோளில் ஊன்றி, மெல்ல, மூச்சு வாங்க உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பாதங்கள் லேசாக வீங்கியிருந்தன. செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போர்டில் எழுதியிருந்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “இத எங்கப்பா வைக்கிறது?”

அதே நாய்க்கார அம்மாள் எதிரே வந்துகொண்டிருந்தார். போர்டும் அங்கேயேதான் இருந்தது. நான் பையை இரண்டு கையாலும் வாங்கி மேல்கல்லில் வைத்தேன். அந்த அம்மாள் நின்று பையைப் பார்த்தார், கீழே கயலைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“ஏ பேச்சி, கொஞ்சம் பிடிச்சுக்க” என்றேன்.